அத்தையின் காப்பியும் எங்கள் ஊர் வெயிலும்

காப்பியை ஒரு வேளையோடு நிறுத்தும்படி நம்மில் பாதிப் பேருக்கு டாக்டர் சொல்லியிருப்பார். மீதிப் பேர் டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். என் வயதுக்காரர்களான உங்களிடம் எனக்கென்ன மறைப்பு? நான் இன்னும் மூன்று வேளை குடிக்கிறேன். ஆனால் எத்தனை வேளை குடித்து என்ன, சிறு வயதில் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் பூராவும் குடித்த அந்தக் காரக் காப்பி மாதிரி வராது. காரக் காப்பி என்றுதான் சொன்னேன். கை தவறி எழுதிவிடவில்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

எங்கள் ஊர் உத்தரகோசமங்கைக்குப் பக்கம். மிளகாய் ஊர். மாசி பிறந்தால் ஊரைச் சுற்றிக் களமெல்லாம் சிவப்பாகக் கிடக்கும். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் ஊர் எல்லையிலேயே தும்ம ஆரம்பித்து, பெண் காப்பித் தட்டோடு வரும்போது கண்ணும் மூக்கும் ஒழுக உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்கு ஒன்றும் செய்யாது. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றுதானே. மிளகாய்க்கு ஒரு வாசனை இருக்கிறது என்பதே எங்களில் பல பேருக்குத் தெரியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அய்யாவுக்கு ஒரே தங்கச்சி, என் அத்தை. அவளைக் கட்டிய மாமா சின்ன வயதிலேயே பிழைக்கப் போனவர். கீழ்ப் பழனி மலையில் ஒரு வெள்ளைக்காரனின் காப்பித் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். வெள்ளைக்காரன் கப்பலேறுகிற சமயத்தில் தோட்டத்தின் ஒரு சரிவை மாமா வாங்கிக்கொண்டார். அவரும் அத்தையும் பத்து வருஷத்துக்கு மேல் அதில் பாடுபட்டார்கள். பிள்ளை இல்லை. பிறகு ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். காரியம் முடிந்த கையோடு அத்தை ஊருக்கு வந்துவிடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை.

ஒற்றைப் பொம்பிளை, கண்காணாத மலையில், மேகத்துக்குள் உட்கார்ந்துகொண்டு என்ன செய்கிறாள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அய்யாவுக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. தோட்டத்தை விற்றுவிட்டு அவளைக் கையோடு கூட்டி வந்துவிடுவதென்று முடிவு செய்தார். வயலை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு மார்கழி மாதம் கிளம்பினார். ஆருத்ரா தரிசனத்துக்கு ஊருலகமே எங்கள் பக்கம் வரும்போது, நாங்கள் எதிர்த்திசையில் போனோம். நாங்கள் என்றால் அவரும் நானும். பெண்பிள்ளை கூட இருந்தால் அத்தை மனசு இளகும் என்பது அய்யாவின் கணக்கு. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. கணக்கெல்லாம் தெரியாது, ரயில் ஏறப்போகிறோம் என்பது மட்டும்தான் தெரியும்.

பரமக்குடியில் ரயிலேறி மதுரையில் இறங்கினோம். அங்கே அய்யா ஒரு பூட்டு வாங்கினார். திண்டுக்கல் பூட்டு. என் இரண்டு கையையும் சேர்த்து விரித்தால்தான் அதைத் தாங்க முடியும், அவ்வளவு கனம். அத்தையைக் கூட்டி வரும்போது மலை வீட்டைப் பூட்ட வேண்டுமே, அதற்கு. சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். பூட்டை என் மடியில் வைத்தார். வத்தலக்குண்டு வரைக்கும் பஸ்ஸில் அதை ஒரு பூனைக்குட்டி மாதிரி அணைத்துக்கொண்டு போனேன்.

அங்கிருந்து அத்தை தோட்டத்துக்கு ரோடு கிடையாது. மட்டக்குதிரைகள்தான். மேலேயிருந்து காப்பியும் வாழைக்காயும் இறங்கும், கீழேயிருந்து அரிசியும் மண்ணெண்ணெயும் ஏறும். குதிரைக்காரர் என்னைத் தூக்கி ஒரு பொதிக்கு நடுவில் உட்கார்த்தினார். அய்யா தலையில் ஒரு பெரிய கட்டோடு நடந்து வந்தார். கட்டில் என்ன தெரியுமா? காலிச் சாக்குகள். அறுப்புக் காலத்தில் சாக்குக்குத் தட்டுப்பாடு வரும், வீட்டில் சும்மா கிடப்பதைக் கொண்டு போனால் தங்கச்சிக்கு ஆகும் என்று மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கூட்டிப் போக வந்த மனிதர் சாக்கையும் சுமந்து வருகிறாரே என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாமாவின் கறுப்புக் கம்பளிக் கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டியிருந்தாள். கை நீளம் என்பதால் மடித்துவிட்டிருந்தாள். நான் பார்த்த முதல் கோட்டு போட்ட பொம்பிளை அவள்தான். என்னைக் குதிரையிலிருந்து இறக்கினாள், இறக்கும்போதே என் மடியிலிருந்ததைப் பார்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“எம்புட்டுப் பெரிய பூட்டு. என்னைய உள்ள வச்சா பூட்டப் போறீக?”

அய்யா கால் கழுவப் போய்விட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அய்யா விஷயத்துக்கு வந்தார். அத்தை அழவில்லை, சண்டை போடவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

“பழம் எடுத்து முடிக்கிற வரைக்கும் இருந்து பாருங்கண்ணே. இந்த வருசக் காப்பிய நானே எடுத்து, உரிச்சு, காய வச்சு, கீழ கிட்டங்கியில மொதத் தரம்னு சொல்ல வச்சுட்டேன்னா, நான் இங்கனதான் இருப்பேன். சொல்லலேன்னா ஒரு வார்த்த பேசாம உங்க பின்னால வாரேன்.”

கிட்டங்கி என்பது மலையடிவாரத்தில் இருந்த பெரிய காப்பிக் குடோன். அங்கே ஒருவர் ருசி பார்த்துத் தரம் சொல்வார். முதல் தரம் என்று அவர் வாயால் வருவது லேசில்லையாம். அய்யா சரி என்றார். ஆம்பிளை இல்லாத வீட்டில் அது எங்கே நடக்கப்போகிறது என்ற தைரியம். இரண்டு மாதம் தாமதம், அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார்.

முதல் நாள் காலையில் நான் ஊரைக் கூட்டினேன். கண் விழித்து வெளியே வந்தால் தோட்டத்தைக் காணோம். ஒரே வெள்ளைப் புகை. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துக் கத்திக்கொண்டு ஓடினேன். பழம் பறிக்க வந்த பெண்களெல்லாம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மூடுபனி என்ற ஒன்றை எங்கள் ஊர்ப் பிள்ளை எங்கே கண்டது? அத்தை என்னைக் கோட்டுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, கையை நீட்டிப் பனியைத் தொடச் சொன்னாள். தொட்டேன். கையில் ஈரம்தான் இருந்தது.

அய்யாவின் பாடு என்னைவிட மோசம். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. இராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருக்கும். ஒருத்தரும் அதைத் தேக்குவதில்லை, பங்கு போடுவதில்லை, காவல் காப்பதில்லை. எங்கள் ஊரில் குடிதண்ணீர் ஊரணிக்குக் காவல்காரர் உண்டு. அதில் கால் நனைத்தவனைப் பஞ்சாயத்தில் நிறுத்துவார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரருக்கு, தண்ணீர் பாட்டுக்கு மலையை விட்டுப் போய்க்கொண்டிருப்பதைப் பார்க்க வயிறு எரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் கல்லும் மண்ணும் வைத்து ஓடையைக் கட்டிவிட்டார். மத்தியானத்துக்குள் தண்ணீர் ஏறி, பழம் உரிக்கிற கொட்டகைக்குள் புகுந்து, கூடைகளெல்லாம் மிதந்தன. அத்தை இடுப்பில் கை வைத்து நின்று, ஓடுற தண்ணியப் பார்த்தாக்கூட உங்களுக்குப் பொறுக்கலையாண்ணே என்று கேட்டாள். அய்யா அசடு வழிய நின்று, கட்டிய கரையைத் தானே பிரித்துவிட்டார்.

அத்தை வேலையில் கறார். சிவந்த பழத்தை மட்டும்தான் பறிக்க வேண்டும். ஒரு பச்சைக் காய் கூடையில் விழுந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நானும் ஒரு சின்னக் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு பறித்தேன். பழத்தைப் பிதுக்கி வாயில் போட்டால் வழவழவென்று ஒரு தித்திப்பு. பறித்ததில் பாதியை நான் தின்றேன் என்று அத்தை அய்யாவிடம் கோள் சொல்வாள். தோட்டத்தில் பெரிய மரங்களின் நிழலில்தான் காப்பிச் செடி நிற்கும். வெயிலே விழாத வெள்ளாமையா என்று அய்யா முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே அண்ணாந்து பார்த்து எந்தக் கிளையைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்று அத்தையோடு வாதம் செய்ய ஆரம்பித்தார். மனிதர் வந்த வேலையை மறந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆனால் எனக்குக் கொண்டாட்டம். பறித்த பழத்தைக் கைப்பிடி போட்ட ஒரு இரும்பு மிசினில் போட்டுச் சுற்றுவார்கள். தோல் ஒரு பக்கம் போகும், கொட்டை ஒரு பக்கம் விழும். கொட்டையைத் தொட்டியில் ஊறவைத்து, வழவழப்பு விட்டதும் ஓடைத் தண்ணீரில் போட்டு மிதித்துக் கழுவ வேண்டும். அந்த மிதிக்கிற வேலை எனக்கு. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வரைக்கும் ஐஸ் மாதிரித் தண்ணீரில் நின்று, பல் கிட்டிக்க ஆடுவேன். ஊரில் ஒரு குடம் தண்ணீரில் குளித்து முடிக்கிற பிள்ளை நான். எனக்கு அதுதான் சொர்க்கம். கழுவி முடித்த கொட்டை மேல்தோலோடு வெள்ளை வெளேரென்று இருக்கும். இனி காய்ந்தால் போதும், காய்ந்துவிட்டால் அத்தை ஜெயித்த மாதிரி என்று எல்லாருக்கும் தெரிந்தது. அய்யாவுக்கும் தெரிந்தது.

தை பிறந்ததும் பனி மூடியது. வழக்கமாகப் பொழுது ஏறினால் விலகுகிற பனி, அந்த வருஷம் விலகவே இல்லை. தூறலும் சேர்ந்துகொண்டது. வாசலில் விரித்திருந்த கொட்டையை வீட்டுக்குள் அள்ளிக்கொண்டு வந்தோம். கட்டிலுக்கு அடியில், அடுப்புக்கு மேலே பரணில், சாமி படத்துக்கு முன்னால் எல்லாம் காப்பிதான். நாங்கள் ஒரு மூலையில் ஒடுங்கிப் படுத்தோம். அத்தைக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாள் பூராவும் கொட்டையைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஒரு பிடி அள்ளி என்னிடம் நீட்டி, எனக்கு மூக்கு வேல செய்யல, புளிச்ச வாட வருதா பாரு என்றாள். லேசாக வந்தது. ஆமாம் என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

அய்யா அன்றைக்குப் பூராவும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அவர் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இன்னும் இரண்டு நாள் பனி நின்றால் காப்பி கெட்டுவிடும், தங்கச்சி வாய் பேசாமல் பின்னால் வந்துவிடுவாள், பூட்டுக்கும் வேலை வந்துவிடும். அவர் நினைத்தது நடந்துவிடும். ஆனால் அவரால் உட்கார முடியவில்லை. கடைசியில் குவியலுக்குப் பக்கத்தில் குத்த வைத்து, கொட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே பேசினார்.

“ஏத்தா, நம்ம ஊர்ல வேற என்ன இருக்கு? வெயிலு ஒண்ணுதான இருக்கு. அங்கன கொண்டு போய்க் காய வச்சிருவோம்.”

அத்தை கிளறுவதை நிறுத்தினாள். “காஞ்சிருச்சுன்னா நான் வரமாட்டேண்ணே. தெரியுந்தான?”

“அது பெறகு. வெளஞ்சத அழுக விட்டுட்டு, நான் என்ன வெள்ளாமக்காரன்?”

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. ஜலதோஷம் என்று நினைத்தேன். மக்கு, மக்கு. எட்டு வயதில் எனக்கு எல்லாமே ஜலதோஷம்தான்.

மறுநாள் விடிந்ததும் பொதி கட்டினார்கள். அத்தையிடமிருந்த சாக்குகளில் ஏற்கெனவே செடியடியில் உதிர்ந்த பழம் நிறைந்திருந்தது. அதனால் என்ன, அய்யாவின் சாக்குக் கட்டு இருக்கிறதே. அதைப் பிரித்து உதறி, ஈரக் காப்பியை அதில் அள்ளிக் கட்டினார்கள். மேலே ஏற்றும்போது குதிரைகள் வரிசையாகத் தும்மின. ஒன்று தும்மி முடித்தால் அடுத்தது. பாவம், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று குதிரைக்காரர் வருத்தப்பட்டார். அத்தை கடைசிப் பறிப்பை முடித்துவிட்டு ஒரு நாள் பின்னால் வருவதாக நின்றுகொண்டாள். காப்பி சட்டென்று அடுத்த வாசனையை இழுத்துக்கொள்ளும், பார்த்துக் கொண்டு போங்கண்ணே என்று கோட்டின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொல்லி அனுப்பினாள்.

அய்யா அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டார். அடிவாரத்தில் ராமநாதபுரத்துக்குத் திரும்புகிற லாரிகள் இரண்டு நின்றன. ஒன்று கருவாடு இறக்கிவிட்டு நின்றது, அது கிட்டே வரக்கூடாது என்றுவிட்டார். இன்னொன்று உப்பு லாரி. அதன் பலகையில் மூக்கை வைத்து முன்னும் பின்னும் மோந்து பார்த்தார். டிரைவர் பீடியைப் பற்ற வைத்தபோது அதையும் தள்ளிப் போய்க் குடிக்கச் சொன்னார். இவ்வளவு பார்த்த மனிதர், மிளகாய்ச் சாக்கில் மிளகாய் வாடை இருக்கும் என்பதை மட்டும் நினைக்கவில்லை. அவர் மூக்குக்கு அது வாடையே இல்லையே.

ஊர் வந்து சேர்ந்தோம். எங்கே இறக்குவது? களத்தில்தான். மிளகாய்க் களத்தில். அம்மா இரண்டு தடவை கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தாள். ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. இதுதான் காப்பியா, வெள்ளையா இருக்கு, கறுப்புச் சாயம் அப்புறமா ஏத்துவாங்களோ என்று ஆளாளுக்குக் கேள்வி. எங்கள் ஊர் வெயில் தைமாசத்திலும் சளைக்காது. அன்றைக்கு அது அடித்த அடியைப் பார்த்து அய்யா மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் அத்தை வந்தாள். ரயிலில் வந்து, பரமக்குடியிலிருந்து வண்டியில் வெயில் காய்ந்துகொண்டே வந்ததில் அத்தனை நாள் அடைத்திருந்த மூக்கு திறந்துகொண்டது. வண்டியை விட்டு இறங்கி நேராகக் களத்துக்கு வந்தாள். குனிந்து ஒரு பிடி அள்ளினாள். முகத்துக்குக் கிட்டே கொண்டு போனாள். தும்மினாள். மறுபடியும் மோந்தாள். மறுபடியும் தும்மினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“அண்ணே, எந்தச் சாக்குலண்ணே கட்டுனீக?”

“நம்ம சாக்குலதான்” என்றார் அய்யா.

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அய்யா ஒரு பிடி அள்ளி மோந்தார். ஒன்றும் தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அம்மாவுக்கும் தெரியவில்லை. நான் மோந்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி அள்ளி, வரிசையாக நின்று மோந்தார்கள். ஊர் மூக்கு அத்தனையும் ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்தது. மலையில் இருந்து இருந்து அவளுக்குத்தான் மூக்கு மாறிப்போச்சு என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். அப்போதுதான் அய்யாவுக்குக் குதிரைகள் ஞாபகம் வந்தது. குதிரையெல்லாம் தும்முச்சே என்று வாய்க்குள்ளேயே சொன்னார். முகம் செத்துப்போய்விட்டது.

“வேணும்னே செஞ்சேன்னுதான ஊரு சொல்லும்” என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

“ஊரு சொல்லட்டும். நான் சொல்லமாட்டேண்ணே” என்றாள் அத்தை.

அவள் ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்தாள். மேல்தோலில்தான் காரம் ஏறியிருக்கிறது, உள்ளே இறங்கவில்லை, இன்றைக்கே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் தப்பித்துவிடும் என்றாள். சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். தண்ணீருக்கு எங்கே போவது? மலையில் என்றால் ஓடை ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் இருந்தது ஊரணி ஒன்று. அது குடிக்க மட்டும். அடுத்த மழை வரைக்கும் அதை வைத்துத்தான் ஊர் ஓட வேண்டும். அதில் எடுத்துக் காப்பியைக் கழுவுவது என்று யாரும் வாயெடுத்துச் சொல்ல முடியாது. அய்யாவால் சொல்ல முடியாது. அத்தை கேட்கவும் மாட்டாள்.

அம்மா வீட்டுக்குள் போனாள். அன்றைக்குக் காலையில் எடுத்து வந்த குடிதண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு பனையோலைக் கடகத்தில் காப்பியை அள்ளிப் போட்டு, கீழே அண்டாவை வைத்து, குடத்தைக் கவிழ்த்தாள். எங்க வீட்டுப் பங்கு, நாங்க தாகத்தோட கிடந்துக்கிறோம் என்றாள். அவ்வளவுதான். வேடிக்கை பார்த்த பெண்களில் ஒருத்தி சிரித்தபடி எழுந்து அத்தையிடம், நாத்தனா வந்து வீட்டுல உக்காந்துரக் கூடாதுன்னு ஒங்க மதினி படுற பாட்டப் பாரு என்றாள். ஆமா, அதுக்குத்தான் என்று அம்மாவும் சிரித்தாள். அந்தப் பெண் போய்த் தன் வீட்டுக் குடத்தை எடுத்து வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஊரணிக் காவல்காரர் வந்து பார்த்தார், அவரவர் பங்கு அவரவர் பாடு என்றுவிட்டு, தன் வீட்டிலிருந்தும் ஒரு குடம் வரவழைத்தார்.

எங்கள் ஊரார் தண்ணீர் செலவழிக்கிற அழகே தனி. கடகத்தில் ஊற்றியது அண்டாவில் வடியும், அண்டாவிலிருந்து அடுத்த கடகத்துக்குப் போகும், சிவந்து கலங்கிய பிறகுதான் அதை விடுவார்கள், அதுவும் முருங்கை மூட்டுக்கு. நாங்கள் பிள்ளைகள் நடுவில் நின்று அளைந்தோம். மலையில் மிதித்த ஆட்டத்தை நான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். கண் எரிகிறது என்று ஒருத்தரும் அழவில்லை, எங்களுக்கு எங்கே எரியும்? கல்யாண வீடு மாதிரி இருந்தது களம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில், அண்டாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அம்மா அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“எங்கன இருக்கணும்னு நீயே சொல்லிக்கிற மாதிரி நம்ம ரெண்டு பேருல ஒனக்குத்தான் வாச்சிருக்கு. அத விட்டுட்டு வந்துராத.”

நாத்தனார் வந்துவிடுவாளோ என்ற பயத்தில்தான் அம்மா அப்படிச் சொல்கிறாள் என்று நானும் வெகுகாலம் நம்பினேன். ஊரும் நம்பியது, அய்யாவும் நம்பினார். எனக்குக் கல்யாணமாகி, எந்த ஊரில் இருப்பது என்று என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் மூட்டை கட்டிய அன்றைக்குத்தான் அம்மாவின் அந்தப் பேச்சு எனக்குப் புரிந்தது. அவளைப் பற்றி நாங்கள் எல்லாரும் தப்பாகவே நினைத்திருந்தோம்.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒரே ஒரு சாக்குக் காப்பி கழுவாமல் நின்றுபோனது. அதைக் களத்து ஓரமாகவே காயவிட்டுவிட்டார்கள். கழுவியதைக் களத்துப் பக்கமே காட்டாமல், வற்றிக் கிடந்த கண்மாயின் கரை மேட்டில் புது ஓலைப்பாய் விரித்துக் காயப்போட்டாள் அத்தை. அதிலும் ஒரு கூத்து. எங்கள் ஊர் உச்சி வெயிலில் போட்டால் மேல்தோல் வெடித்துவிடுமாம். மத்தியானம் ஆனதும் குவித்து, மேலே சேலையைப் போர்த்தி மூடி வைக்கச் சொன்னாள். வெயிலுக்குத்தானே இவ்வளவு தூரம் தூக்கி வந்தோம் என்று அய்யா தலையில் அடித்துக்கொண்டார். காப்பி மத்தியானத் தூக்கம் தூங்குகிறது, சத்தம் போடாதீர்கள் என்று ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டு காவல் காத்தோம். ஆடு வந்தால் விரட்டினோம். காக்காய் வந்தால் விரட்டினோம். ஒன்றும் வராதபோது நாங்களே ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டோம்.

மாசியில் கிட்டங்கிக்குப் போனோம். அய்யா இந்தத் தடவை பரமக்குடியில் புதுச் சாக்கு வாங்கியிருந்தார். கிட்டங்கிக்காரர் குடுமி வைத்த பெரியவர். கொட்டையைக் கையில் உருட்டினார், உரித்தார், கடித்தார். கொஞ்சம் வறுத்து, அரைத்து, கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றினார். குனிந்து மூக்கைக் கிட்டே கொண்டு போனார். அய்யா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது. பெரியவர் நிமிர்ந்தார். கண்ணை மூடினார். கட்டடமே அதிரும்படி ஒரு தும்மல் போட்டார்.

அத்தை சுவரில் சாய்ந்துவிட்டாள். அய்யா கையைக் கூப்பி, சாமி என்று என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். பெரியவர் சாவகாசமாக இடுப்பிலிருந்து பொடி மட்டையை எடுத்து, இன்னொரு சிட்டிகை மூக்கில் ஏற்றிக்கொண்டார். அது பொடித் தும்மல். பாவி மனுஷன். பிறகு மூக்கை நன்றாகத் துடைத்து, கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

“மொதத் தரம். இந்த வருசம் மலையில எல்லாருக்கும் பூசணம் பிடிச்சுப்போச்சு. நீ எங்கம்மா காய வச்ச?” என்று கேட்டார்.

“எங்க அண்ணன் ஊர்ல” என்றாள் அத்தை.

அய்யா தோற்றுப்போன மனிதர். ஆனால் அன்றைக்கு வத்தலக்குண்டு ஓட்டலில் எனக்கு இரண்டு பூரி செட்டு வாங்கிக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடமெல்லாம், என் தங்கச்சி காப்பிதான் மொதத் தரம், வெயில் எங்க ஊரு வெயில் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கழுவாத ஒரு சாக்கை அத்தை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டாள். அதைத்தான் அந்த வருஷம் பூராவும் குடித்தோம். விருந்தாளிகள் முதல் மடக்கிலேயே கண் கலங்குவார்கள், எங்கள் வீட்டுப் பாசம் என்று நினைத்துக்கொள்ளலாம். அய்யா அதற்குப் பிறகு எந்தக் காப்பியைக் குடித்தாலும் என்னமோ கொறையுதே என்பார்.

அத்தையை மலையில் கொண்டு விடப் போனோம். பத்து நாளைக்கு முன் கோடை மழை ஒன்று பெய்திருந்தது. குதிரை கடைசித் திருப்பத்தில் திரும்பியதும் அய்யா நின்றுவிட்டார். சரிவு முழுக்க வெள்ளை. செடிக்குச் செடி, கிளைக்குக் கிளை, காப்பி பூத்திருந்தது. மல்லிகை மாதிரி வாசனை. உப்பளத்தில் உப்பு வாரிக் குவித்த மாதிரில்ல இருக்கு என்றார். அவருக்குத் தெரிந்த வெள்ளை அதுதான். அத்தை முன்னால் இறங்கிப் போய்க் கதவைத் திறந்து, மாமாவின் கோட்டை ஆணியிலிருந்து எடுத்து உதறிப் போட்டுக்கொண்டாள்.

நாங்கள் கிளம்பும்போது அய்யா பூட்டைக் கேட்டார். வந்த நாளிலிருந்து அது சாமி மாடத்தில் கிடந்தது. நான் ஓடிப் போய் எடுத்து வந்தேன். அவர் அரைஞாணில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தார். இத்தனை நாள் இறுகியிருந்த முடிச்சு, லேசில் வரவில்லை, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். பூட்டையும் சாவியையும் சேர்த்து அத்தையின் கையில் வைத்தார்.

“ராத்திரி ஒத்தையில இருப்ப. இத உள்பக்கம் போட்டுக்க” என்றார்.

அத்தை கதவுக்கு உள்ளே போய், நாதாங்கியில் அதை மாட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது.